வழி சொல்பவளுக்கும் வருமானம் உண்டு!

"அண்ணி, திருக்கருகாவூர் கோயில் வாசல் வரைக்கும் கார் போகுமா?"

மும்பையிலிருந்து என் நாத்தனார் போனில். 2022-ஆம் வருஷம், தை மாதம். மருமகளுக்கு ஐந்தாவது மாதம். கர்ப்பரட்சாம்பிகை சன்னிதிக்கு அழைத்து வருவதாக வேண்டுதல்.

"போகும். ஆனா மத்தியானத்துல வந்து நிக்காதே. நடை சாத்தியிருப்பாங்க."

"ரோடு எப்படி? தூக்கித் தூக்கிப் போடுமா? வழியில பாத்ரூம் வசதி உண்டா? அவளுக்குக் காரம் ஆகலே, தயிர்சாதம் எங்கே கிடைக்கும்?"

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, இவ்வளவும் என்னைக் கேட்கிறியே, அந்தக் கூகுள்ல பார்க்கக் கூடாதா?" என்றேன்.

"பார்க்காமலா? பத்து இடத்துல பார்த்தாச்சு. எல்லாத்துலயும் தல புராணம் இருக்கு, தல விருட்சம் இருக்கு. வயித்துப் பிள்ளைக்காரியைக் கூட்டிட்டு வர்றவளுக்கு வேண்டியது ஒண்ணு கூட இல்லே அண்ணி!"

போனை வைத்த பிறகு, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "வருஷத்துக்கு நூறு பேருக்கு நீ இதைச் சொல்றே. எழுதிப் போட்டா என்ன?"

அப்படி ஆரம்பித்ததுதான் என்னுடைய வலைத்தளம். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. நமது காவிரிக் கரை ஊர்களுக்கு வருகிறவர்களுக்கான வழித்துணை. கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தான். எழுதுவது நான். மத்தியானம் இரண்டு மணி நேரம், சமையலறைக் கதவைச் சாத்திய பிறகு.

"இதில் பணம் வருமாமே, உண்மையா?" என்று கேட்டு உறவுக்காரப் பெண்கள், கோலம் போட வரும் பெண், வங்கியில் வேலை பார்க்கும் தோழி என்று பலர் என்னை விசாரிக்கிறார்கள். வரும். ஆனால் யூ டியூபில் சிலர் சொல்வதுபோல் வராது. எப்படி வருகிறது, எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இல்லை.

டீக்கடைக்காரரும் கூகுளும்

கும்பகோணம் பஸ் நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர் முதலில் என்ன செய்வார்? பக்கத்து டீக்கடையில், "நல்ல சாப்பாடு எங்கேங்க?" என்று கேட்பார். டீக்கடைக்காரர் கை காட்டுகிற இடத்துக்குப் போவார். கூகுள் அந்த டீக்கடைக்காரர்தான். 1998-ல் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணவர்கள் அதைக் கம்பெனியாகத் தொடங்கியபோது கைக்கொண்ட யுக்தியும் அதுதான்: ஒரு பக்கத்தைப் பற்றி வேறு எத்தனை பக்கங்கள், எவ்வளவு மரியாதைக்குரிய பக்கங்கள், "அங்கே போய்ப் பாருங்கள்" என்று இணைப்புக் கொடுக்கின்றன என்று எண்ணிப் பார்த்து வரிசைப்படுத்துவது. நாலு பெரிய மனுஷர் சொன்னால் ஊர் நம்புகிறதல்லவா, அதே கதை. இன்று அந்தக் கணக்கில் இன்னும் எத்தனையோ சேர்ந்துவிட்டன. அடிப்படை மாறவில்லை.

டீக்கடைக்காரர் நம்மைக் கை காட்ட வேண்டும். அதைத்தான் 'எஸ்.இ.ஓ.' என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்கள்.

ஆரம்பத்தில் நான் செய்த தப்பு, 'தஞ்சைப் பெரிய கோயில்' என்று தலைப்பு வைத்து ஆறு பக்கம் எழுதியது. ராஜராஜன், விமானம், நந்தி, 1987-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னமானது, 2004-ல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்ந்தது என்று ஒன்று விடவில்லை. ஒரு ஈ காக்கை வரவில்லை! வருமா? அந்தத் தலைப்பில் தேடினால் முன்னால் நிற்பவை விக்கிப்பீடியா, யுனெஸ்கோ, சுற்றுலாத் துறை, தினமலரின் கோயில் தளம். அவர்களைத் தள்ளிவிட்டு என்னை எதற்காகக் காட்ட வேண்டும்? அவர்கள் சொல்லாததை நான் என்ன சொல்லிவிட்டேன்?

நாத்தனார் கேட்ட கேள்விகள் அப்போதுதான் ஞாபகம் வந்தன. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஊருக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்பதையெல்லாம் அவர்கள் வாய் வார்த்தையிலேயே எழுதினேன். 'பெரிய கோயிலில் முழங்கால் வலிக்காரர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?' 'சித்திரை வெயிலில் எத்தனை மணிக்குள் போய்வர வேண்டும்?' (கல் சூடேறிவிட்டால் வெறுங்காலோடு பிராகாரம் சுற்ற முடியாது. பிள்ளைகள் அழுதுவிடும்.) 'ஒன்பது நவக்கிரகக் கோயிலும் ஒரே நாளில் முடியுமா?' 'திருநள்ளாற்றில் குளித்துவிட்டுப் பெண்கள் எங்கே உடை மாற்றுவது?'

இவற்றுக்குப் பெரிய தளங்களில் பதில் இல்லை. தேடுபவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கமாட்டார்கள். ஆனால் தேடுகிற ஐம்பது பேரும் நம் பக்கத்துக்குத்தான் வந்தாக வேண்டும். இப்படி நூறு சின்னக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் பெரிய கோயில் வாசலில் வேறு யார் நின்றால் நமக்கென்ன?

இன்னொரு விஷயம். நம்மவர்களில் பலர் தமிழ் எழுத்தில் தேடுவதில்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுகிறார்கள், அவரவர் மனம் போன எழுத்துக்கூட்டலில். கூகுள் இலவசமாகத் தரும் 'சர்ச் கன்சோல்' என்ற வசதியில், எந்தெந்த வார்த்தையைத் தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று பார்க்கலாம். எனக்கு அது மளிகைக் கணக்குப் பார்ப்பதுபோல் சுவாரசியமான வேலை. ஒரு நாள் அதில், திருக்கருகாவூர் பெயரோடு 'ஏழாவது மாதம் போகலாமா' என்று ஒருவர் தேடியிருந்தார். மறுநாளே எனக்குத் தெரிந்த பிரசவ டாக்டரம்மாவைப் பார்த்து, நீண்ட நேரம் காரில் வரும் கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியவற்றைக் கேட்டு எழுதினேன்: இரண்டு மணிக்கு ஒரு தரம் இறங்கி நாலு அடி நடக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்கக் கூடாது, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போட வேண்டும், ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. இன்றுவரை என் தளத்தில் அதிகம் பேர் படிப்பது அந்தப் பக்கம்தான்.

2022 டிசம்பரில் கூகுள், பக்கங்களை மதிப்பிடும் தன் வழிகாட்டியில் 'அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. எழுதியவர் அங்கே போயிருக்கிறாரா, கண்ணால் பார்த்திருக்கிறாரா என்பது. அதைப் படித்தபோது, நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாற்காலி ஆடுகிற கதை பின்னால் வருகிறது.

குறுவையும் சம்பாவும்

நமது மாவட்டங்களுக்கு வருகிறவர்கள் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. தை மாதம் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. ஆடியில் பதினெட்டாம் பெருக்கு. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். சரஸ்வதி பூஜைக்குக் கூத்தனூர். நடுவில் குருப்பெயர்ச்சி வந்தால் ஆலங்குடி, சனிப்பெயர்ச்சி வந்தால் திருநள்ளாறு. கூட்டம் வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே தேடல் தொடங்கிவிடும். விழாவுக்கு முதல் நாள் எழுதினால், கூகுள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் விழா முடிந்துவிடும்.

விழாப் பக்கங்கள் குறுவை மாதிரி. சட்டென்று விளைந்து சட்டென்று முடியும். 'ஒரே நாளில் நவக்கிரகம்' போன்ற பக்கங்கள் சம்பா. நின்று நிதானமாகப் பலன் தரும். இரண்டும் வேண்டும்.

எதிர்பாராத மழையும் உண்டு. 2022 செப்டம்பர் 30-ல் 'பொன்னியின் செல்வன்' படம் வெளியானது. கல்கி 1950-களில் தொடராக எழுதிய கதை. ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில்தானே அது ஆரம்பம்! திடீரென்று எல்லோருக்கும் வீராணம், பழையாறை, உடையாளூர் பார்க்க வேண்டும். சுற்றுலா வளர்ச்சிக் கழகமே கதை நடந்த இடங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்தது. எனக்கோ, மாமியார் காலத்திலிருந்து பைண்டு செய்து வைத்த தொடர் வீட்டில் இருந்தது. இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்து, எந்த இடத்தில் பார்க்க என்ன மிச்சமிருக்கிறது, எங்கே வெறும் திடல்தான் என்று உள்ளபடி எழுதினேன். அந்த மாதம்தான் என் தளத்துக்கு முதல் முதலாக ஆட்கள் வந்ததாகச் சொல்லலாம்.

ஆனால் சகோதரிகளே, தேதி விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று பல இடங்களில் எழுதிவிட்டார்கள். அது திருக்கணிதப்படி. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயில் நிர்வாகமே அறிவிக்க வேண்டியதாயிற்று. வேறு பக்கத்தைப் பார்த்துக் காப்பியடித்து எழுதியவர்களை நம்பி டிக்கெட் போட்டவர்கள் எத்தனை பேரோ! அதேபோல் ஆடிப்பெருக்கு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். 'ஆடி பதினெட்டுக்குப் படித்துறையில் தண்ணீர் இருக்குமா?' என்ற கேள்விக்குப் போன வருஷத்துப் பதில் இந்த வருஷம் செல்லாது.

2028-ல் கும்பகோணத்தில் மகாமகம். 2016-க்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கழித்து. அதற்கு இப்போதே எழுதத் தொடங்குகிறவள்தான் கெட்டிக்காரி.

கமிஷன் புதிதா என்ன?

வெளியூர்க்காரர்களைக் கார் டிரைவர் பட்டுப்புடவைக் கடைக்கு அழைத்துப் போவதும், பில் போட்டதும் கல்லாவுக்குப் பின்னால் அவருக்கு ஒரு தொகை கைமாறுவதும் நமக்குத் தெரியாததல்ல. அதையே வெளிச்சத்தில், கணக்கோடு செய்வதற்கு 'அஃபிலியேட்' என்று பெயர். 1996 ஜூலையில் அமேசான் புத்தகக் கடை இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. உங்கள் பக்கத்தில் ஒரு புத்தகத்துக்கு இணைப்புக் கொடுங்கள், அதன் வழியாக வந்து யாராவது வாங்கினால் உங்களுக்குப் பங்கு என்றது. பிறகு ஓட்டல் அறை, பஸ் டிக்கெட், பயணக் காப்பீடு, பெட்டி படுக்கை வரை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

இதன் இயக்கம் சுலபம். நமக்கென்று ஓர் அடையாள எண் உள்ள இணைப்பைத் தருவார்கள். படிப்பவர் அதைத் தொட்டுப் போனால், அவர் நம் வழியாக வந்தார் என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. அமேசானில் பெரும்பாலும் 24 மணி நேரம்தான். இன்று பார்த்துவிட்டு நாளன்றைக்கு வாங்கினால் நமக்கு இல்லை. ஓட்டல் அறையென்றால், ஆள் வந்து தங்கிப் போன பிறகுதான் கமிஷன் சேரும். ரத்து செய்துவிட்டால் பூஜ்யம். வாங்குபவருக்கு ஒரு பைசா கூடுதல் இல்லை, விற்பவர் தன் லாபத்திலிருந்து தருகிறார்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஒரு பக்கத்தைப் படிக்கிறார்கள், முப்பது பேர் இணைப்பைத் தொடுகிறார்கள், ஒருவர் இரண்டு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்குகிறார். 4 சதவீதம் என்றால் நமக்கு 200 ரூபாய். ஆயிரம் பேருக்கு இருநூறு ரூபாய்! இப்போது தெரிகிறதா, ஏன் நிதானமாக இறங்குங்கள் என்கிறேன் என்று?

அதிலும் நம் ஊருக்கு ஒரு விசேஷக் கஷ்டம். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்கள் காலையில் வந்து இரவு திரும்பிவிடுகிறார்கள். மற்றவர்களுக்குச் சித்தப்பா வீடு இருக்கிறது! அறை எடுப்பவர்கள் சென்னை, பெங்களூர், மும்பைக்காரர்கள். சிங்கப்பூர், கனடா, லண்டனிலிருந்து வரும் நம்மவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே முக்கியமான பக்கங்களைப் பிள்ளையின் உதவியோடு ஆங்கிலத்திலும் எழுதினேன். தமிழ்ப் பக்கம் ஆட்களைக் கொண்டுவருகிறது. ஆங்கிலப் பக்கம் அறையை விற்கிறது. 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் கூகுள் விளம்பரம் உண்டு. அதில் கொஞ்சம் சில்லறை. எல்லாம் சேர்ந்து முதல் பணம் பாங்கிக்கு வரப் பதினொரு மாதம் ஆயிற்று. ஒரு குக்கர் வாங்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் குக்கர் வாங்கினேன்!

உண்மையில் எனக்குக் கை கொடுத்தது பெரிய கம்பெனிகளைவிட உள்ளூர் ஏற்பாடு. நவக்கிரகம் சுற்றுவது சாமான்யமில்லை. மேற்கே திருவையாற்றுப் பக்கம் திங்களூர், கிழக்கே பூம்புகார்ப் பக்கம் கீழப்பெரும்பள்ளம், சீர்காழிப் பக்கம் திருவெண்காடு. திருநள்ளாறு காரைக்காலில் இருப்பதால் மாநில எல்லை வேறு. வாடகை வண்டியென்றால் பர்மிட் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 2024-ல் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து ஒன்பதுக்கும் ஒரே நாளில் போய்வரும் பஸ் விட்டபோது, அதையும் என் பக்கத்தில் முதலில் எழுதினேன். கமிஷன் தராத பஸ்ஸை எதற்கு எழுதுகிறாய் என்றார்கள். அதைப் படித்துவிட்டு, "எங்க அப்பாவால பஸ்ஸுல முடியாதுங்க, நல்ல டிரைவர் சொல்லுங்க" என்று கேட்டவர்கள்தான் என் டிரைவரிடம் போனார்கள். குடிக்காத, பெண்களிடம் மரியாதையாகப் பேசுகிற, எனக்குப் பத்து வருஷம் பழக்கமான ஒருவர். சவாரிக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நாச்சியார்கோயில் விளக்கு, தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்களோடும் இப்படிப் பேசலாம். புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள். ஆனால் தயாரிப்பவர் பட்டறையிலேயே போய் வாங்கலாம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை.

வெட்கப்பட்டுச் சொல்கிறேன்

இரண்டாவது வருஷம். ஒரு தங்கும் விடுதிக்கு மற்றவற்றைவிடக் கமிஷன் அதிகம். படங்கள் பளபளவென்று இருந்தன. நான் போய்ப் பார்க்கவில்லை. 'வயதானவர்களோடு தங்க ஏற்றது' என்று எழுதி இணைப்பைப் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுபத்தெட்டு வயது மாமியாரை அழைத்து வந்த பெண். லிப்ட் ஓடவில்லை. இரண்டாவது மாடி. குளியலறையில் தரை வழுக்கல், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. விழவில்லை, அம்பாள் புண்ணியம். 'மேடம், உங்க திருக்கருகாவூர் பக்கத்தைப் படிச்சிட்டு, இவங்க நம்ம வீட்டு மனுஷி மாதிரி எழுதறாங்களேன்னு நம்பித்தான் அந்த ரூமைப் போட்டேன்' என்று எழுதியிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரியே எடுத்தேன். அந்த மாமியார் தங்கியதற்கான கமிஷன் அடுத்த மாதம் என் கணக்கில் வந்து விழுந்தது. அதைத் திருப்பி அனுப்பக்கூட வழியில்லை; அந்தப் பெண்ணுக்கு அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகு, குளியலறையைக் கதவு திறந்து பார்க்காமல் ஓர் அறையைப் பற்றியும் எழுதுவதில்லை.

இதைவிட மோசமாக முடிந்திருக்கக்கூடிய இன்னொன்று. அதே திருக்கருகாவூர்ப் பக்கத்தில், குழந்தை பாக்கியம் தருவதாகச் சொல்லும் ஒரு லேகியத்துக்கு இணைப்புப் போடச் சொல்லி ஒரு வியாபாரி எழுதினார். விற்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் 30 சதவீதம். அறைக்கு 4, லேகியத்துக்கு 30! யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு வருகிறவள் யார்? கல்யாணமாகி ஆறேழு வருஷம், மாமியார் வீட்டில் சொல் கேட்டு, கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறவள். எதைக் கொடுத்தாலும் வாங்குவாள். கோயிலில் தரும் நெய்யைப் பக்தியோடு வாங்கிக்கொள்வது வேறு. அவளுக்கு டப்பா விற்று, டாக்டரிடம் போக வேண்டிய ஒரு வருஷத்தை வீணாக்குவது வேறு. சட்டமும் இருக்கிறது: 1954-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், பெண்களின் மலட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாது. 'வேண்டாம்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். அதே லேகியம் வேறு தளங்களில் ஜாம் ஜாமென்று இருப்பதைப் பின்பு பார்த்தேன்.

கமிஷன் வாங்கினால் அதைப் படிப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லும் விதிகள் வெளியிட்டன. 'இந்த இணைப்பில் நீங்கள் பதிவு செய்தால் எனக்குச் சிறு தொகை கிடைக்கும்' என்று நான் பக்கத்தின் தலையிலேயே எழுதுகிறேன், அடியில் பொடி எழுத்தில் அல்ல. பணம் பெறும் இணைப்பு என்று கூகுளுக்கும் உள்ளே ஒரு குறி போட்டுக் காட்ட வேண்டும். 2019-ல் அதற்கென்றே ஒரு சொல்லை ஏற்படுத்தினார்கள். சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். யாரும் ஓடவில்லை. "உங்க லிங்க்லயே போட்டேன் மேடம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு.

நாற்காலி ஆடியது

2023 செப்டம்பரில் கூகுள் தன் வரிசையை மாற்றி அமைத்தது. 'பயனுள்ள பக்கங்களுக்கு முன்னுரிமை' என்று பெயர். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உலகம் முழுக்கப் பல சின்னப் பயணத் தளங்கள் அதில் சரிந்து விழுந்தன. அமெரிக்காவில் 'டிராவல் லெமிங்' என்ற தளத்தை நடத்தும் நேட் ஹேக், கூகுள் வழியாக வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்ததாகப் பகிரங்கமாகவே சொன்னார். தளத்தையே நம்பி ஆட்களை வேலைக்கு வைத்திருந்தவர். என் பக்கங்களுக்கும் அந்தக் கார்த்திகையில் வருகை பாதியாயிற்று. நான் என்ன தப்பு செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அது போதாதென்று, 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது ஏ.ஐ. பதில். அக்டோபரில் தமிழுக்கும் வருவதாக அறிவித்தார்கள். 'ஒரே நாளில் நவக்கிரகம் முடியுமா?' என்று கேட்டால், நாலைந்து தளங்களைப் படித்துக் கூகுளே மேலே பதில் எழுதிவிடுகிறது. அதில் பாதி என் வாக்கியம் மாதிரி இருக்கிறது! பதில் கிடைத்துவிட்ட பிறகு என் பக்கத்துக்கு எதற்கு வருவார்கள்? டீக்கடைக்காரர் தானே சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார், நம் வீட்டுக் குழம்பை வாங்கி.

இதற்குப் பரிகாரம் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்வது இவ்வளவுதான். பக்கத்துக்கு வந்தவர்களிடம், விருப்பமிருந்தால் மின்னஞ்சல் முகவரி கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, மாதம் ஒரு கடிதம் அனுப்புகிறேன். வரும் மாதத் திருவிழா, எந்த ரோட்டில் வேலை நடக்கிறது, எந்தக் கோயிலில் திருப்பணி என்று. அதில் வருகிறவர்கள் கூகுளைக் கேட்டு வருவதில்லை. தளத்தின் வருமானத்தில் இப்போது பெரும்பங்கு டிரைவர் சவாரியும் அந்தக் கடிதமும்தான். எல்லாம் சேர்த்து, பிள்ளையின் காலேஜ் பஸ் கட்டணமும் எங்கள் வீட்டுக் கரண்டு பில்லும் கட்ட வருகிறது. இதை நம்பி இருக்கிற வேலையை விடாதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று எச்சரிக்கை. தளத்தின் பெயரையும் பாங்கிக் கணக்கையும் பான் எண்ணையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். அமைத்துக் கொடுத்த பையன் வேலை மாறிப் போய்விட்டால் தளமும் போய்விடும். பெயருக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்கு, இடத்துக்கு இன்னும் சில ஆயிரம், அதற்கு மேல் முதல் வருஷம் செலவு வேண்டாம். 'ஒரே மாதத்தில் முதல் பக்கத்தில் கொண்டுவருகிறேன், இருபதாயிரம் கொடுங்கள்' என்று போன் வரும். அவர்கள் செய்வது காசு கொடுத்து இணைப்பு வாங்குவது. கூகுள் கண்டுபிடித்தால் தளத்தையே மறைத்துவிடும். வீட்டு விலாசத்தையும் சொந்தப் போன் நம்பரையும் தளத்தில் போடாதீர்கள். நான் போட்டேன், ராத்திரி பதினோரு மணிக்கு வந்த போன்களைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். வேறு ஒருவர் எடுத்த படத்தைக் கேட்காமல் போடக்கூடாது, கர்ப்பகிருஹத்தை நாமும் எடுக்கக்கூடாது. வருகிற கமிஷனை வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள்.

போன வாரம் நாத்தனாரிடமிருந்து போன். அன்று வயிற்றில் இருந்த பேத்திக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. கூத்தனூரில் வைத்து எழுத்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

"அண்ணி, கோயில் வாசல் வரைக்கும் கார் போகுமா?"

"தளத்துல போட்டிருக்கேனே, பார்க்கலியா?"

"பார்த்தேன். ஆனா அது போன வருஷம் ஜூன்ல எழுதினது. இப்ப ரோடு எப்படின்னு…"

வியாழக்கிழமை பூந்தோட்டம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரப் போகிறேன்.